சப்பாத்துப் போடுகிற நேரம்

முப்பத்தெட்டுக் கைகள் ஒரேயடியாக உயர்ந்தபோது நான் குறிப்புக் கொப்பியை மூடிவிட்டேன். சுவிஸில் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் ஒரு பழைய மாடிக்கட்டடத்தின் நிலவறை, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கம்பளத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். முதலில் உயர்ந்தது கூட்டத்தைக் கூட்டிய பத்மினி அக்காவின் கை. மற்றதெல்லாம் அந்தக் கையைப் பார்த்து உயர்ந்தவை. எண்ணி முடித்ததும் அக்கா, வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"பாத்தியளோ பிள்ளை, இந்த முறையும் ஒருத்தர்கூட மாறி நிக்கேல்லை."

நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

சூரிச்சில் ஓர் அறக்கட்டளையில், மக்களாட்சிக்கும் காலநிலைக்கும் நிதி கொடுக்கிற பிரிவுக்கு நான் பொறுப்பு. அம்மா தன் சிநேகிதிகளுக்கு இதை, "வேணுகா மற்றவையின்ரை காசை மற்றவைக்குக் குடுக்கிற வேலை" என்று விளங்கப்படுத்துவார். இதைவிடச் சுருக்கமாக என் மேலாளராலும் சொல்ல முடியாது. எனக்கு இந்த வேலை பிடிக்கும். வருடத்துக்கு முந்நூறு விண்ணப்பங்கள் வரும். பெரும்பாலானவற்றில் ஒரே சொற்கள், ஒரே வட்டப்படங்கள், சிரிக்கிற பிள்ளைகளின் ஒரே படம். பத்மினி அக்காவின் விண்ணப்பம் நாலே பக்கம்.

இந்தக் கட்டடத்திலும் பக்கத்து இரண்டு கட்டடங்களிலும் இருப்பவர்களில் அநேகம் பேர் முப்பது வருடமாக வரி கட்டுகிறார்கள்; சுவிஸ் பாஸ்போர்ட் இல்லாதபடியால் வாக்கில்லை. ஆனால் கெமைண்டேக்கு, அதாவது ஊர் நிர்வாகத்துக்கு, மனுக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆகவே தாங்களே கூடி, கதைத்து, வாக்கெடுத்து, முடிவை மனுவாகக் கொடுக்கப் போகிறார்கள். முதல் விஷயம் வெக்கை. கோடையில் ஆறாம் மாடியில் மனிசர் படுக்க முடியாது. வாசலில் உள்ள ஏழு கார்த் தரிப்பிடங்களை எடுத்துவிட்டு மரம் நட வேண்டும். இது சரிவந்தால் இன்னும் எட்டு ஊர்களில் மூன்று வருடத்துக்குச் செய்ய நிதி கேட்டிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஆசைக்கு ஆப்பு வைத்தவர் எங்கள் அறக்கட்டளைச் சபைத் தலைவி ரூட்டிமான், ஓய்வுபெற்ற நீதிபதி. விண்ணப்பத்தில் முதல் கூட்டத்தின் முடிவு, "ஆதரவு 36, எதிர்ப்பு 0" என்று தடித்த எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. அவர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது வாக்கெடுப்பா, வழிபாடா?" என்று கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அதைவிடக் கோபம், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சபை முடிவெடுக்கும். அதற்குள் நேரில் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்தச் சந்தேகத்தை அக்காவிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அளவாகப் பத்துப் பேர் எழும்பி எதிர்ப்பார்கள், எனக்காக. அதுவும் ஒற்றுமையாக.

"சரி, எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ," என்றார் அக்கா. போகிற இடத்தில் ஒரு கோப்பிக்கு மேல் எதுவும் வாங்கக்கூடாது என்பது எங்கள் அறக்கட்டளையின் விதி. என் தட்டில் மூன்று ரோல்ஸ் வந்து இறங்கின. கோப்பியோடு வருவதும் கோப்பிதான் என்று நான் அந்த விதிக்குப் பொருள் கொண்டு பல வருடமாகிறது. ஆனால் அன்றைக்கு ரோல்ஸைத் தொடவில்லை. "பரிந்துரைக்க முடியவில்லை" என்ற வசனத்தை மனம் எழுதத் தொடங்கியிருந்தது.

கூட்டம் கலைந்தது. கதவுக்கு வெளியே முப்பத்தொன்பது சோடி சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தை நான் அந்த நேரம் மறந்துபோயிருந்தேன். கூட்டத்தில் ஒருவரும் எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள். கூப்பிட்ட ஆளின் முகம் முறியக்கூடாது. மனதில் உள்ளது வெளியே வருவது குனிந்து சப்பாத்துப் போடுகிற நேரத்தில்தான்.

"மரம் நல்லதுதான், விடிய நாலு மணி வேலைக்குப் போறவன் காரை எங்கை விடுறது?"

"அதோடை இலையுதிர் காலத்திலை இலையை ஆர் கூட்டுறது? நாங்கள்தான்."

"ஏழையும் எடுக்காமல் மூண்டை எடுக்கலாமே."

கடைசியாகச் சொன்னவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, பத்மினி அக்காவின் கணவர். போன வருடம் வாங்கிய காரைச் சனிக்கிழமை தவறாமல் துடைக்கிறவர். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நேராகக் கை உயர்த்தியிருந்தவர்.

கதவடியில் தட்டுகளோடு நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் கறுத்தது. எனக்குப் பாவமாக இருந்தது. வாயைத் திறக்கவும் எனக்கு உரிமை இல்லை. காசு கொடுக்கிற ஆள் வாயைத் திறந்தால் அதற்குப் பிறகு அந்த அறையில் வேறொருவருடைய கருத்தும் இராது. அக்கா தட்டுகளைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கழட்டுங்கோ," என்றார் பிறகு. "திருப்பி உள்ளை வாங்கோ. இதை உள்ளை வந்து சொல்லுங்கோ."

"விடப்பா, நாங்கள் உன்ரை பக்கம்தானே," என்றார் அண்ணை.

"என்ரை பக்கம் நிக்கத் தேவையில்லை. காரைப் பற்றி உள்ளை வந்து கதையுங்கோ."

ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தை நான் சுவிஸ் முழுக்கக் கண்டதில்லை. வெக்கையில் மயங்கி விழுந்த கதை வந்தது, தரிப்பிடம் தேடி வேலைக்குப் பிந்திய கதை வந்தது, யாரோ ஒருவர் எட்டு வருடத்துக்கு முந்திய உடுப்புத் தோய்க்கும் மெசின் யாருடைய முறை என்ற பிரச்சினையையும் இழுத்தார். அண்ணை எழும்பி, "கை உயர்த்தினால் எல்லாரும் பத்மினியின்ரை முகத்தைத்தான் பாக்கினம். துண்டிலை எழுதிப் போடுவம்," என்றார். அக்கா அவரை முறைத்தார். பிறகு ஒரு கொப்பியைக் கிழித்துத் துண்டுகள் கொடுத்தார்.

ஏழு தரிப்பிடங்களையும் எடுக்க ஆதரவு பத்தொன்பது. எதிர்ப்பு பத்தொன்பது.

அக்கா துண்டுகளை இரண்டாம் முறையும் எண்ணினார். பின்னாலிருந்து ஒரு குரல், "வேணுகா பிள்ளை போடட்டும். இஞ்சை அவதானே சிற்றிசன்," என்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் இந்தக் கட்டடத்திலை இருக்கிறேல்லை," என்றேன். "எனக்கு இஞ்சை வாக்கில்லை."

வருடத்துக்கு நாலு முறை எனக்கு வாக்குச்சீட்டு தபாலில் வரும். அதை வாக்கில்லாத என் பெற்றோரின் மேசையில் வைத்து நிரப்பும்போதெல்லாம் மனம் கூசும். அன்றைக்கு என்னிடம் இல்லாத வாக்கு முப்பத்தெட்டுப் பேரிடம் இருந்தது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோசம். செவ்வாய்க்கிழமைச் சபைக்கு என்ன எழுதுவது என்பதும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் இராசம்மா அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் துப்பரவு வேலை முடித்து நேரே வருகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார். ஆறாம் மாடி. மகன் பெயின்ற் வேலைக்கு வான் வைத்திருக்கிறான். அந்த வானும் வாசலில்தான் நிற்கும்.

"குறை நினையாதேங்கோ, பஸ் பிந்திப்போச்சு," என்று சொல்லிக்கொண்டே கம்பளத்தில் இருந்தார். அவருடைய வலது கை பாதி உயர்ந்திருந்தது. "எதுக்கு உயர்த்தோணும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பத்மினி அக்கா போய் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார். "ஒண்டுக்கும் உயர்த்தவேண்டாம் அக்கா. நான் ஒரு பக்கம் சொல்லுறன், இவர் மற்றப் பக்கம் சொல்லுவார். கேட்டுப்போட்டு இதிலை எழுதுங்கோ. வேறை ஆரும் வாய் திறக்கப்படாது."

இருவரும் சொன்னார்கள். இராசம்மா அக்கா கேட்டார். பென்சிலை எடுத்தார். தான் எழுதுவதை யாரும் பார்க்காதபடி இடது கையைத் துண்டைச் சுற்றி வைத்தார். முப்பத்தெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். நானும் என்னை அதில் சேர்த்துக்கொண்டேன், கணக்குப் பிழைதான். பென்சில் கடதாசியைத் தொட்டது. பிறகு அவர் அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"அவசரப்படுத்தாதேங்கோ," என்றார். "யோசிக்கிறன்."