இசபெல்லாவுக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு

எழுநூறு வருசத்துக்கு முந்திச் செத்துப்போன ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபுவின் சந்ததியைத் தேடப் பெரியகல்லாற்றில் உன்னை விட்டால் ஆளில்லையா அம்மா என்று என் மூத்த மகன் டோகாவிலிருந்து போனில் கேட்டான். இல்லைதான் என்றேன். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருசம் ஊரே செத்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. நான் ஒருவரைக் கூடுதலாகத் தேடினால் என்ன குடிமுழுகிவிடும்?

வீடு கட்டித்தர வந்த வெளிநாட்டு நிறுவனத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அதுவரை இங்கிலீசு படிப்பித்த டீச்சர் நான். இஞ்சினியர் அலஸ்டர், ஐம்பது வயது, வெயில் பட்டால் அவித்த நண்டு மாதிரிச் சிவந்துவிடுவார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம் என்று உயிரை வாங்குவார். நாங்கள் பேசியது இங்கிலீசில். இங்கே அவர் வாயிலும் எங்கள் தமிழைத்தான் வைக்கிறேன். கோபிக்கமாட்டார்.

எங்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வீடும் அது நிற்கிற வளவும் மகளுக்குத்தான். எங்கள் அம்மன் கோயில் சடங்கில் குடிக்கு ஒரு பொங்கல் பானை உண்டு. அந்தக் குடியில் பிறந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு பிடி அரிசி போடவேண்டும், வேறு குடிக்காரியின் கை அந்தப் பானைக்கு மேலே வராது. எங்கள் குடிப் பெண்கள் எல்லோரும் கரையோரத்திலேயே இருந்தவர்கள், ஒரே காலையில் போய்விட்டார்கள். என் தங்கச்சி யோகமலரும் அவளுடைய சின்னவள்கள் இரண்டு பேரும் அதில் சேர்த்தி. நான் அன்றைக்கு மட்டக்களப்பு டவுனில் நின்றபடியால் தப்பினேன். பிறகு வந்த சடங்கில் எங்கள் பானைக்கு என்னுடைய ஒரு கைதான்.

எனக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள். அவர்கள் என் குடிதான், ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் பெண்சாதிமாரின் குடிக்குப் போய்விடுவார்கள். எங்கள் அம்மாவின் வழி தொடர்வதென்றால் தங்கச்சியின் மூத்தவள் விதுர்ஷா ஒருத்தியால்தான். அவள் கடலுக்குத் தப்பியது ஊரில் இல்லாதபடியால். இயக்கம் அவளை முந்தியே சண்டைக்கு ஆளாகப் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோயிருந்தது. பிள்ளையைப் பறித்தவர்களைத் திட்டுவதா, அதனால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று கும்பிடுவதா? நான் இரண்டையும் செய்தேன், கூடுதலாகத் திட்டினேன்.

தங்கச்சியின் வளவில் வீடு கட்டுவதில்தான் எனக்கும் அலஸ்டருக்கும் முதல் சண்டை. அவள் புருசன் எப்போதோ வேறு குடும்பமாகிப் போய்விட்டான். ஊரில் இல்லாத ஒரு பெண்பிள்ளைக்கு வீடு கட்ட ஏலாது என்றார் அலஸ்டர். கட்டத்தான் வேண்டும் என்றேன். மேசன் ஆதம்பாவா, காத்தான்குடி ஆள், சாந்தைக் குழைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பிரபு வந்தார். அலஸ்டர் தங்கியிருந்த வாவிக்கரை வீட்டின் சுவரில் ஒரு நீளக் கடதாசி, முழுக்கப் பெயர்களும் கோடுகளும். கிளென்டோரி என்ற ஊரின் பிரபு ஹியூ. அவருக்கு மூன்று ஆண்பிள்ளைகள். இங்கிலாந்துக்காரரோடு நடந்த ஒரே சண்டையில் மூன்று பேரும் செத்தார்கள். இத்தோடு இந்தக் குடும்பம் முடிந்தது என்று சொல்லி, கோட்டையைப் பிரபுவின் தம்பி மகன் எடுத்துக்கொண்டானாம். ஆனால் தாங்கள் ஹியூவின் ஆட்கள் என்று அலஸ்டரின் வீட்டில் காலாகாலமாக ஒரு பேச்சு. அதை நிறுவத்தான் மனுசன் வாலிப வயதிலிருந்து லீவெல்லாம் செலவழித்துத் தேடிக்கொண்டிருக்கிறார். அழித்து அழித்து எழுதிக் கடதாசி அழுக்காகிவிட்டது. என் எழுத்து வடிவாக இருக்கும் என்பதால் ஒரு நல்ல பிரதி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

எழுதினேன். பின்னேரம் வந்து பார்த்தவர் தொப்பியைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"புஸ்பம், இது என்ன?"

"நீங்க தந்ததுதான்."

"தகப்பன்மார் எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லோரையும் தாய்க்குக் கீழே தொங்கவிட்டிருந்தேன். தகப்பன்மார் பக்கத்தில் அடைப்புக்குள் சின்னதாக இருந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. குடி எழுதச் சொன்னால் எங்கள் கைக்கு அப்படித்தான் வரும். தாய் பெயர் தெரியாத ஆம்பிளைகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் ஓரத்தில் கிடந்த ஒரு பெயர் கண்ணில் குத்தியது.

"இதாரு இசபெல்லா?"

"ஹியூட மகள்."

"மகள் இருந்தாவா? பிறகென்ன முடிஞ்சது எண்டு எழுதி வச்சிருக்கீங்க?"

"அவவ இங்கிலாந்துக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்க."

"செத்துட்டாவா?"

"தெரியா."

"தெரியாட்டி எப்படி முடிஞ்சது எண்டு சொல்லுவீங்க? பிடிச்சுக்கொண்டு போனா அவ இல்லாமப் போயிடுவாவா? வரமாட்டா எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன? அவட வளவ எடுத்துக் கண்டவனுக்கும் குடுக்க உங்களுக்கு என்ன உரிமை?"

சத்தம் கூடிவிட்டது. இசபெல்லாவுக்காக நான் இவ்வளவு கத்தமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த கிழமை தங்கச்சியின் வளவில் அத்திவாரம் வெட்டினார்கள். வீடு விதுர்ஷாவின் பெயரில், அவள் வரும்வரை பூட்டும் திறப்பும் என் கையில். எப்படிச் சட்டத்தை வளைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் பெண்வழியாகத் தேடத் தொடங்கினார். அவருடைய அக்கா அங்கே பழைய பதிவுகளுக்காகத் தேவாலயங்களுக்கு ஏறி இறங்கினா. இசபெல்லா கனகாலம் சிறையிருந்து திரும்பி வந்திருக்கிறா, வரும்போது மார்ஜரி என்றொரு பெண்குழந்தை கூட. மார்ஜரியின் மகள், அவளுடைய மகள் என்று இறங்கி, கடைசியில் ஒருத்தி அலஸ்டரின் பரம்பரைப் பெயர் உள்ள ஒருவனைக் கட்டியிருக்கிறாள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அலஸ்டர் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே நின்று ஆடினார், சத்தியமாக ஆடினார்.

"என்னவாம் துரைக்கு?" என்றார் ஆதம்பாவா.

"தாய்வழியாத் தேடினாராம், ஆக்களக் கண்டுபிடிச்சிட்டார்."

"எங்கட குடியும் உம்மா வழிதான் டீச்சர். நம்மள்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மனிசன்ட லீவு மிஞ்சியிருக்கும்."

சந்தோசம் நீடிக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது அக்காவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. இசபெல்லா திரும்பி வந்த வழியில் ஒரு கிராமம் எரிந்து கிடந்ததாம். அங்கே தாய் செத்துக்கிடக்க உயிரோடு கிடந்த பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறா. அதுதான் மார்ஜரி. அலஸ்டர் தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு கடதாசிக்கு முன்னால் இருந்தார்.

"உங்கட ஆக்கள் இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

"வயித்தில பிறக்காட்டி குடி இல்ல," என்றேன். "மார்ஜரிக்கு அவளப் பெத்தவள்ட குடி. அவள் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? அந்த இடத்தில கோட்ட வெட்டுங்க."

"வளத்தது இசபெல்லாதானே?"

"வளக்கிறது வேற, வழி வேற."

அவர் அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தார். ஆனால் வெட்டவில்லை. அழித்த இடத்தில் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தார், இசபெல்லாவுக்குக் கீழே மார்ஜரி வரைக்கும்.

"புள்ளி வச்சா மட்டும் ரெத்தம் ஓடுமா?" என்று கேட்டேன். சிரித்தார். முழுமனதோடு சிரிக்கவில்லை.

வீடுகள் முடிந்து அவர் போய்விட்டார். நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லப் போன் எடுப்பார். இங்கே சண்டை மறுபடியும் தொடங்கி, வன்னிப் பக்கமாய் நகர்ந்து, கடைசியில் ஒரு வைகாசியில் முடிந்தது என்று ரேடியோ சொன்னது. விதுர்ஷாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. முகாம் முகாமாக ஆள் விட்டுக் கேட்டேன். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் இளையதம்பி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"செய்ய வேண்டிய கிரியையச் செஞ்சு முடி புஸ்பம். எத்தின நாளைக்கு வெறும் வீட்டக் கூட்டுறாய்? அத ஒரு இல்லாத சனத்துக்குக் குடு."

"அவள் செத்ததக் கண்ட ஆள் ஆரும் இருந்தா கூட்டிக்கொண்டு வாங்க. பிறகு பாப்பம்."

அவர் முகம் வாடிப்போனது. அவருடைய மகனும் இயக்கத்துக்குப் போய் வராதவன்தான். நான் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டைக் கூட்டி விளக்கு வைத்தேன்.

அடுத்த சித்திரையில் ஒரு பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு ஒரு பொம்பிளை வந்தாள். கட்டை மயிர், எலும்பும் தோலும், இடுப்பில் ஒரு பிள்ளை. ஆரோ உதவி கேட்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

"பெரியம்மா," என்றாள்.

நான் பெருங்குரலில் குழறியதில் பக்கத்து வளவுச் சனம் எல்லாம் ஓடி வந்தது. அவள் முகத்தையும் கையையும் தடவிப் பார்த்துப் பார்த்து அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. சனம் போன பிறகுதான் பிள்ளையைச் சரியாகப் பார்த்தேன். பெண்பிள்ளை.

"ஆருட பிள்ளை மனே?"

"என்ட."

"நீ பெத்தியா?"

அவள் நான் போட்டுக்கொடுத்த சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். "தாய் பங்கருக்குள்ள செத்துக் கிடந்தா. இது பக்கத்தில உசிரோட கிடந்திச்சு. தாய்ட பேரும் தெரியா, ஊரும் தெரியா. தடுப்பு முகாமில ஆமி என்ன வச்சிருந்தப்போ ஒரு அக்காட்டக் குடுத்திருந்தன். விட்டவுடன போய் வாங்கிக்கொண்டு வந்தன்."

"அது சரி மனே. நீயும் ஒரு கலியாணத்தக் கட்டி..."

"எனக்கு இனிப் பிறக்காதாம், பெரியம்மா. வயித்தில ஷெல் பீஸ் பட்டது. டாக்குத்தர் சொல்லிட்டார்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இதுக்கு யோகமலர் எண்டு அம்மாட பேரத்தான் வச்சிருக்கன். உங்களுக்குச் சரிவராட்டிச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் போறம்."

"எங்க போற? உன்ட வீடு கிடக்கு," என்றேன். தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன். இத்தனை வருசம் காத்த திறப்பு, கூட்டின வீடு, வைத்த விளக்கு எல்லாம் அவளோடு முடியத்தானா? அம்மாவின் வழி இத்தோடு முடிந்தது என்று எனக்குள் நானே எழுதிவிட்டேன். பிள்ளையில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் தூக்கவும் கை வரவில்லை. அது என் சீலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிந்தது.

வைகாசிச் சடங்கு வந்தது. எங்கள் குடிப் பானை அடுப்பில் ஏறியது. வண்ணக்கர் இளையதம்பி அண்ணன் பக்கத்தில் நின்றார். நான் ஒரு பிடி போட்டேன். விதுர்ஷா ஒரு பிடி போட்டாள். எங்கள் பானைக்கு மறுபடியும் இரண்டு கை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அவள் இடுப்பிலிருந்த சின்னது, எங்களைப் பார்த்து, சுளகுக்குள் கையை விட்டு அரிசியை அள்ளிக்கொண்டு பானைக்கு நேரே நீட்டியது. விரலிடுக்கால் அரிசி சிந்தியது.

வண்ணக்கர் தன் கையைப் பானை வாய்க்கு மேலே பிடித்தார். கோபமாக இல்லை, முறைப்படி கேட்டார்.

"இந்தப் பிள்ளை என்ன குடி?"

விதுர்ஷா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அவள் மெதுவாகப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். பிள்ளை அரிசியை விடவில்லை, பொத்திக்கொண்டது. ஊரான் பிள்ளையின் கையை அப்படி யாரும் இழுக்கமாட்டார்கள். பெற்ற தாய் வெட்கத்தில் இழுக்கிற இழுப்பு அது. என் தங்கச்சி யோகமலரும் இந்த விதுர்ஷா சின்னவளாக இருந்தபோது அவள் கையை இப்படித்தான் இழுத்துப் பிடிப்பாள்.

"எங்கட குடி," என்றேன்.

"வயித்துப் பிள்ளையா?"

"விதுர்ஷாட பிள்ளை. என்ட பேத்தி. கைய எடுங்க அண்ணன், பானை பொங்கப்போகுது."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். ஊரில் அவருக்குத் தெரியாத கதை இல்லை. கையை எடுத்துவிட்டு, "போடு மனே," என்றார். பாதி அரிசி பானைக்குள்ளும் பாதி நெருப்பிலும் விழுந்தது.

அந்த நத்தாருக்கும் அலஸ்டர் போன் எடுத்தார்.

"அந்தக் கடதாசி இருக்கா?" என்று கேட்டேன்.

"சுவரிலதான் இருக்கு."

"இசபெல்லாக்குக் கீழ புள்ளி வச்சீங்களே. ஒரு பேனை எடுத்துக் கோடாக் கீறுங்க."

அவர் கேட்டார், "இத ஆரு சொல்ற? நீங்களா, உங்கட ஆக்களா?"

"எங்கட ஆக்கள்தான்."

"பேனையாலயா? பிறகு அழிக்க ஏலாதே, புஸ்பம்."

"அதுக்குத்தான் பேனை எண்டு சொல்றன்."

பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேனை தேடப் போனார். முற்றத்தில் யோகமலர் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓட, விதுர்ஷா அவளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். எழுநூறு வருசம் பொறுத்த பிரபு இன்னும் ஐந்து நிமிசம் பொறுக்கட்டும் என்று நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.