பால், மருந்து, சவப்பெட்டி நீங்கலாக

"எடமலைப்பட்டி புதூர் வாழ் பொதுமக்களுக்கும் வணிகப் பெருமக்களுக்கும் ஓர் முக்கிய அறிவிப்பு! உள்ளூர் வணிகத்தின் உயிர்மூச்சு, வாடிக்கையாளர் திலகம், அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் அவர்கள் இன்று காலை நம்மையெல்லாம் ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு இறைவனடி சேர்ந்தார்! அன்னாருக்கு மரியாதை செலுத்தும் வகையில் இன்று முழுவதும், பால், மருந்து, சவப்பெட்டி நீங்கலாக, அனைத்துக் கடைகளும் அடைக்கப்படும்!"

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் திரும்பியபோது பிரான்சி பீரோவுக்குள் பாதி உடம்பை நுழைத்து அப்பாவின் சட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு அப்படியே நின்றாள். உடம்பு சிலிர்த்தது. அப்பாவுக்காகக் கடையடைப்பு! மந்திரிகளுக்கு நடப்பது, மாவட்டச் செயலாளர்களுக்கு நடப்பது, துப்பாக்கித் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அவள் அப்பாவுக்கு நடக்கிறது!

"அம்மா, கேட்டியா? திலகமாம்!"

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அமலராணி தலையைத் தூக்கவில்லை. குளிப்பாட்டி வேட்டி கட்டி வெள்ளைத் துணி போர்த்திய கணவரின் கையை வருடிக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சு. கோடி எங்க?"

கோடி என்பதுதான் பிரச்சினை. பெட்டிக்குள் போகிறவருக்குப் புதுச் சட்டை போட வேண்டும். பீரோவில் இருந்ததெல்லாம் போட்டுத் துவைத்தவை. போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பா அவள் கையைப் பிடித்துச் சத்தியமே வாங்கியிருந்தார். "எனக்குப் போடுற கடைசிச் சட்டை சலாம் கடையில வாங்குனதா இருக்கணும். உன் போன்ல வாங்கிப் போட்டே, பெட்டிய ஒதைச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துருவேன்."

எழுந்து வரக்கூடியவர்தான். ஓய்வு பெற்ற மறுமாதமே 'உள்ளூரில் வாங்குவோர் பேரவை' என்று ஒன்றைத் தொடங்கினார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. உறுப்பினர் அம்மா; அவளும் கேட்காமல் சேர்க்கப்பட்டவள். தினமும் தெருமுனையில் நின்று டெலிவரி வண்டிகளை மறிப்பார். யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று விசாரித்து, அந்த வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிக் கேட்பார்: "ஆன்லைன்காரன் உன் சாவுக்கு வருவானா?"

மிக்சி ஜாருக்கு மூடி உடைந்தபோது தெருவிலேயே இருந்த வீரமலையின் பாத்திரக் கடையில் சொல்லிவைத்தார். "ஆர்டர் போட்டிருக்கேண்ணே, மதுரைலேருந்து வரணும்" என்றார் வீரமலை. அது வரும்வரை அம்மா தட்டை வைத்து அமுக்கித்தான் சட்னி அரைத்தாள். மூடி வருவதற்குள் மிக்சி போய்விட்டது.

சலாம் கதை வேறு. அப்துல் சலாமின் ரெடிமேட் கடையில் அப்பாவின் அளவு இருந்ததே இல்லை. அவருக்கு முப்பத்தெட்டு, கடையில் எப்போதும் நாற்பத்திரண்டு. "தொவைச்சா சுருங்கிரும் சார்" என்று சலாம் சொல்வார். சட்டை சுருங்கியதில்லை. அப்பாதான் வருஷத்துக்கு வருஷம் சுருங்கினார். ஆனால் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தது யார் என்று கேட்டால், மகள் அல்ல. சலாம்.

ஒரு கிறிஸ்துமசுக்கு பிரான்சி போனில் ஒரு சட்டை வரவழைத்து அப்பாவிடம் கொடுத்தாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் கோயிலில் ஏழைகளுக்குத் துணி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டார். "நல்லாத்தான் இருக்கும். யார்ட்ட எடுத்தீங்கன்னு கேட்டா என்னம்மா சொல்றது?" என்றார். அதற்குப் பிறகு அவள் அவருக்கு எதுவும் வாங்கவில்லை. இப்போது இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும்.

"கை வெறைக்கிறதுக்குள்ள போட்டுடணும்னு பெட்டிக்காரர் சொல்லிட்டுப் போனாருடி" என்றாள் அம்மா.

பிரான்சி வெளியே ஓடினாள்.

வாசலில் திருவிழாக் களை. பந்தல் போட்டாகிவிட்டது. அதைவிட ஆச்சரியம், ஃபிளக்ஸ் வந்துவிட்டது. உயிர் போய் உடம்புச் சூடு முழுக்க ஆறவில்லை, அதற்குள் அப்பா பத்தடி உயரத்தில் கைகூப்பி நின்றார். கீழே சிவப்பு எழுத்தில் அவருடைய பொன்மொழி: 'ஆன்லைன்காரன் உன் சாவுக்கு வருவானா?' அதற்கும் கீழே, அப்பாவைவிடச் சற்றே பெரிதாக, வணிகர் சங்கத் தலைவர் வீரமலை.

தெருவின் எல்லாக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அப்பா சொன்னது சத்தியம். மளிகை, பேன்சி, ஹார்டுவேர், பேக்கரி எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் வரிசையில் சலாம் துண்டால் முகத்தைப் பொத்திக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு வெள்ளச் சட்டை வேணும். கோடி. உங்க கடையிலதான்னு அப்பா சொல்லியிருந்தாரு."

சலாம் துள்ளி எழுந்தார். "இதக் கேக்கணுமாம்மா! இந்தா, ஓடிட்டு வந்துர்றேன்." இடுப்பிலிருந்து சாவிக்கொத்து வந்துவிட்டது.

"பாய், எங்க கெளம்பிட்டீங்க?" வீரமலை குறுக்கே வந்தார்.

"கடையத் தெறக்க."

"கடையவா? இன்னிக்கா? விளையாடுறீங்களா? நீங்க ஷட்டரத் தூக்குனா எதுத்தாப்புல பேன்சி ஸ்டோர் தூக்குவான். அவனப் பாத்து பேக்கரி தூக்குவான். சாயங்காலத்துக்குள்ள பஜாரே தெறந்துரும். டிவிக்காரங்க வேற வந்துக்கிட்டு இருக்காங்க. முழுக் கடையடைப்புன்னு சொல்லியாச்சு."

"அவருக்குத்தானய்யா சட்டை!"

"அவருக்குத்தானய்யா கடையடைப்பும்!"

சலாம் குரலைத் தாழ்த்தினார். "பாதி ஷட்டரத் தூக்கிக் குனிஞ்சு போயிட்டு வந்துர்றேன்" என்றார்.

"நீங்க குனியறதத்தான் படம் புடிப்பான்."

பேக்கரிக்காரர் ஒரு நல்ல யோசனை சொன்னார்: செயற்குழுவைக் கூட்டி விதிவிலக்கு கொடுத்துவிடலாம். எல்லோரும் இங்கேயே இருக்கிறார்களே! நாற்காலிகள் வட்டமாயின. ஆனால் செயற்குழு கூடினால் முதலில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுவதுதான் மரபு என்று ஹார்டுவேர்காரர் எடுத்துக்கொடுத்தார். வீரமலை எழுந்து தொண்டையைச் செருமினார். "அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் ஒரு ஆலமரம்..."

பிரான்சி தவிப்போடு நின்றாள். ஆலமரத்துக்குப் பிறகு கலங்கரை விளக்கம் வந்தது. அடுத்து, விதிவிலக்கு கொடுப்பதானால் ஆட்டோவில் திருத்திய அறிவிப்பு செய்ய வேண்டாமா என்று கேள்வி எழுந்தது. 'பால், மருந்து, சவப்பெட்டி, ஒரே ஒரு சட்டை நீங்கலாக' என்றால் கேவலமாக இருக்காதா?

"டவுனுக்குப் போயிட்டு வந்துரவா?" என்று சலாமைக் கேட்டாள்.

"தெப்பக்குளம் போயிட்டு இந்த டிராபிக்ல எப்பம்மா திரும்புவ?" சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு அவர் தீர்மானத்துக்காகக் காத்திருந்தார். சங்கத்தை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

வாசலில் அம்மா வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், ஃபிளக்ஸைப் பார்த்தாள்.

"வெரலு வெறைக்குதுடி."

"ஒரு நிமிஷம்மா, தீர்மானம்..."

"உன் போன்ல வராதா?"

"அம்மா! அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியத்தப் போட்டுக்கிட்டா பெட்டிக்குள்ள போவாரு? எடு."

பிரான்சி போனை எடுத்தாள். அது பழைய கிறிஸ்துமஸ் ஆர்டரை நினைவில் வைத்திருந்தது. வெள்ளை, முழுக்கை, முப்பத்தெட்டு. 'இருபது நிமிடத்தில் வந்துவிடும், மீண்டும் வாங்கவா?' என்று பணிவாகக் கேட்டது. ஆம் என்றாள்.

கடையெல்லாம் அடைத்திருந்ததால் தெருவில் ஒரு நெரிசலும் இல்லை. வண்டி பறந்து வந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், முதுகில் பெரிய பையோடு, ஸ்கூட்டரைச் சரியாக ஃபிளக்ஸின் அடியில் நிறுத்தினாள். வீரமலையின் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து டிவி கேமராவும் பந்தலுக்குள் நுழைந்தது.

"மாலை... மாலை வந்திருக்கு" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார் வீரமலை.

"பிரான்சிங்கறது யாருங்க? ஓடிபி சொல்லுங்க."

சொன்னாள். உறையை நீட்டிய அந்தப் பெண்ணின் பார்வை திறந்த கதவு வழியாக உள்ளே போனது. செருப்பை விட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து சிலுவை போட்டாள். உதடு அசைந்தது. 'அருள் நிறைந்த மரியே' முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"சாருக்கா சட்டை? முன்னாடியே தெரியாமப் போச்சே." அம்மாவின் கையைப் பிடித்தாள். "எம் பேரு லூர்துராணிங்க. முக்குல நிக்க வச்சு தெனமும் திட்டுவாரு. திட்டி முடிச்சிட்டு மோர் வாங்கிக் குடுப்பாரு. குடிச்சிட்டுப் போன்னு."

"எந்தக் கடையில?" என்று கேட்டாள் அம்மா, அதுதான் ரொம்ப முக்கியம் என்பதுபோல.

"முக்குக் கடையிலதாங்க. வேற எங்கயும் வாங்க மாட்டாரே."

அவள் போன் கூவியது. அடுத்த ஆர்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாத இடம் என்பதால் சொல்லாமல் போனாள்.

உள்ளே சலாம் வந்து நின்றார். உறையைப் பார்த்தார். பிரான்சி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"குடும்மா" என்றார்.

பல்லால் உறையைக் கிழித்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா ஒரு பக்கம் தாங்க, குழந்தைக்குப் போடுவதுபோல் ஒரு கையை நுழைத்தார், பிறகு மறு கையை. பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார். காலரைத் திருப்பினார். கடையில் நிற்கும் ஆளுக்குச் செய்வதுபோலத் தோள்பட்டையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். இழுக்கத் துணி மிச்சமில்லை.

"தொவைச்சா..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

வெளியே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிக் கைதட்டல் கேட்டது. பிரான்சி அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து வரவில்லை.

சட்டை அளவாக இருந்தது.