பெட்டி மூச்சு வாங்கும் நேரத்தில் எழுதியது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. நான் எழுதியது வேறொரு கதை. அது எங்கள் வீட்டுச் சாமான் அறையில், மேசைக்கு அடியில் நிற்கும் கணினிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி இன்று காலையிலிருந்து கண் திறக்கவில்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.

அந்தக் கதையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டிருக்கிறது. என் வாழ்க்கையில் முதல்முறை. அச்சுப் பிரதியாகத் தபாலில் அனுப்பியிருந்தேன். நேற்று அதன் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். குரல் என் அம்மா வயதுப் பெண்மணியின் குரல். நடை நன்றாக இருக்கிறது, முடிவுதான் சரியில்லை என்றார்.

"அதுல வர்ற அப்பா அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்காரு. மூச்சே விட மாட்டேங்கிறாரு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சரிபண்ணி, கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்புங்க. இல்லன்னா அந்தப் பக்கத்துல துணிக்கறை போக்குறது எப்படின்னு போட்டுடுவேன்."

துணிக்கறையிடம் தோற்பதா என்று அதிகாலையிலேயே எழுந்து பட்டனை அமுக்கினேன். அதன்பின் நடந்ததுதான் இது. பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில், பென்சிலால் எழுதுகிறேன். (கைபேசியில் எழுதலாமே என்பீர்கள். என் கைபேசிக்குப் பேச மட்டும்தான் தெரியும்.)

தொடக்கம் அ: பனி பெய்துகொண்டிருந்தது. ஊரே ஒரு வெள்ளைத் தாளாக
[அடித்துவிட்டேன். நான் பனியைப் பார்த்தது குளிர்பெட்டியின் மேல்தட்டில் மட்டும்.]

தொடக்கம் ஆ: எந்திரங்களுக்கும் மறதி உண்டென்று அவள்
[அவள் யார்? நான்தானே. எதற்கு இந்த முக்காடு?]

தொடக்கம் இ: கணினி திறக்கவில்லை.

இதுவே போதும்.

2

வீட்டில் நான் சொல்லி வைத்திருப்பது என்னவென்றால், கதை ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றியது. பனி மூடிய தீவு, தனியாக ஒரு மனிதர், ஒரு நாய். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிற என் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்பா தெருவில் பாதிப் பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் விவரம் கேட்டார்: அந்தக் காவலருக்கு வார விடுப்பு உண்டா, உடம்பு சரியில்லையென்றால் மாற்று ஆள் யார்? மாற்று ஆள் கிடையாது என்றேன். அது ரொம்பத் தப்பு என்று வருத்தப்பட்டார்.

உண்மையில் அந்தக் கதை அப்பாவைப் பற்றியது.

அப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பாளர். மாலையில் எல்லோரும் போன பிறகு மாடி மாடியாக நடந்து விளக்குகளை அணைத்துக்கொண்டு வருவது அவர் வேலை. என் கதையில் வரும் அப்பா வீட்டிலும் அதையே செய்கிறார். மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். இந்த மனிதர் என்னைப் பார்த்ததே இல்லை என்று மகள் இருட்டில் உட்கார்ந்து நினைக்கிறாள். கடைசியில் வீட்டைவிட்டுப் போகிறாள். அவர் போய் அவளுடைய அறை விளக்கையும் அணைக்கிறார். முற்றும்.

எழுதும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. என்னை நினைத்துத்தான்.

சிக்கல் புரிந்திருக்கும். பெட்டி திறக்காவிட்டால் கதை போச்சு. திறந்தால், பக்கத்தில் நிற்கப்போகிறவர் அப்பா. இன்று அவருக்கு வார விடுப்பு. திறந்ததும் தனக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வைத்துவிட்டார்.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை உள்ளே விட வேண்டியிருக்கிறது. இவர் கதைக்குத் தேவையா என்று எனக்கே சந்தேகம். ஆனால் தடுத்தாலும் வந்துவிடுவார்.

ரீஸ்டார்ட் சித்தப்பா. பிரிண்டருக்கு மை நிரப்பித் தரும் கடையில் வேலை. அதனால் அவர் கணினிக்கு நெருங்கிய சொந்தம் என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கு. எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். சித்தி கோபித்துக்கொண்டு பேசாமலிருந்தபோதுகூட, "விடுங்கண்ணா, ஒரு ரீஸ்டார்ட் ஆகிட்டு வருவா" என்றவர்.

அப்பா தொலைபேசியைச் சத்தமாக வைத்து அவரைக் கூப்பிட்டார். சித்தப்பாவின் உத்தரவு இப்படி: எல்லா வயரையும் பிடுங்கு, துடை, திரும்பச் செருகு. செருகியவுடன் அமுக்கவே கூடாது. பெட்டி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். அரைமணி விட்டுத்தான் அமுக்க வேண்டும்.

"எழுத்தாளர் பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். "அவசரப்பட்டு அமுக்கிடாதீங்க எழுத்தாளரே. உங்க கதை உள்ள மயக்கத்துல இருக்கு."

அப்பா மேசைக்கு அடியில் போனார். பிடுங்கினார், துடைத்தார், செருகினார். டெஸ்டரை வைத்துப் பார்த்து, கரண்ட் நன்றாக வருகிறது என்றார். எழுந்து கூடத்துக்குப் போனார். அரைமணி கழித்து நான் அமுக்கினேன். பிணம்.

அப்பா திரும்ப வந்தார். டெஸ்டர் எரிந்தது. பிடுங்கினார், துடைத்தார், செருகினார், போனார். அரைமணி. அமுக்கினேன். பிணம்.

நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அம்மா எட்டிப்பார்த்தார். ஊரில் உள்ள எல்லோரையும் மூன்று வயதுப் பிள்ளைகளாக நடத்துவது அவர் வழக்கம். "யாரும் எதையும் தொடாம கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, தானா வரும்," என்றார்.*

* உண்மையைச் சொன்னால், நேற்று மேசையை இழுத்துப் பெருக்கியது அம்மாதான். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எங்களுக்கும் பயம் உண்டு.

4

இந்தக் கதையின் பகுதிகள் ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கின்றன என்று விமர்சகர் யாராவது கேட்டால், அது உத்தி அல்ல. பெட்டி மூச்சு வாங்கும் நேரத்தில் மட்டும்தான் எழுதுகிறேன்.

இப்போதும் வாங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன். அப்பா செருகி முடித்து, சின்ன ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனார். 'அப்பா போனார்' என்று மொட்டையாக எழுதினால் ஆசிரியர் மறுபடியும் அட்டை என்பார். ஒரு மனிதர் ஓர் அறையைவிட்டு எப்படிப் போகிறார் என்று காட்ட வேண்டும். ஒரு சின்னச் செய்கை போதும்.

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டே எழுந்தார். பழைய பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தார். கதவருகே வந்ததும், திரும்பிப் பார்க்காமலேயே, அவர் கை

[நிறுத்தினேன். நாற்காலியிலிருந்து அப்படியே திரும்பிப் பார்த்தேன்.]

கதவருகே சுவரில் இரண்டு சுவிட்ச். ஒன்று விளக்குக்கு. ஒன்று கணினிக்குப் போகும் பிளக்குக்கு. இரண்டும் அணைந்திருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் விளக்கு போனதே எனக்குத் தெரியவில்லை.

மாடி மாடியாக அணைத்துப் பழகிய கை. அறைக்குள் வரும்போது உள்ளங்கையால் மொத்தமாகப் போடும். போகும்போது மொத்தமாக அணைக்கும். உள்ளே இருக்கும்வரை கரண்ட் வரும், டெஸ்டர் எரியும். அவர் வெளியே போனதும் பெட்டி உண்மையிலேயே ஓய்வெடுக்கும். நான் அமுக்கும்போதோ, சித்தப்பா சொன்ன அரைமணிக்காக அவர் எப்போதோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

அம்மா பெருக்கியபோது வயர் தளர்ந்திருக்க வேண்டும். அப்பா அதை முதல் தடவையே சரிசெய்துவிட்டார். அதன்பின் கோளாறு அப்பாதான்.

விளக்கை அணைக்கும் மனிதரைப் பற்றி ஒரு முழுக் கதை எழுதியவள் நான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அட்டையில் வெட்டியது யார் என்று இப்போது தெரிகிறது.

5

சொல்லிவிடலாம். "அப்பா, நீங்கதான் அணைச்சுட்டுப் போறீங்க." ஒரு வாக்கியம். ஆனால் அவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பொண்ணு கதை உள்ளே மாட்டிக்கொண்டது, அதை நான் எடுத்துக்கொடுக்கிறேன் என்கிற முகம். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வரும்போதே உள்ளங்கை சுவரைத் தடவியது. விளக்கு எரிந்தது. அப்பா மேசைக்கு அடியில் போனார். பிடுங்கினார், துடைத்தார், செருகினார். "சரி, மூச்சு வாங்கட்டும்," என்று வெளியே வரப் பின்னோக்கி நகர்ந்தார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். சாமான் அறையில் அந்த நாற்காலி மேசையோடு ஒட்டினால், அடியில் இருப்பவர் வர வழியில்லை. ஒருபக்கம் சுவர், மறுபக்கம் சூட்கேஸ்கள்.

வழக்கமாகக் கால் கட்டைவிரலால்தான் பட்டனை அமுக்குவேன். அப்பா முகத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டுவதா? குனிந்து, கையால் அமுக்கினேன்.

விசிறி சுழன்றது. திரை வெளுத்தது.

"வந்துடுச்சா?" என்றது மேசை.

"வந்துடுச்சுப்பா. அங்கேயே இருங்க. அசைஞ்சா வயர் விட்டுடும்."

பொய்தான். அவர் கதவைத் தாண்டினால் எல்லாம் அணைந்துவிடும் என்பதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. சரி என்று பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒருவர் மேசைக்கு மேலும் ஒருவர் கீழுமாகச் சும்மா இருக்க முடியுமா? பேச ஆரம்பித்தோம். முகம் தெரியாததால் சுலபமாக இருந்தது. தினமும் விளக்கை அணைப்பது அலுக்கவில்லையா என்று கேட்டேன்.

"அணைக்கிறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காதும்மா," என்றார். "போடுறதுதான் பிடிக்கும். காலையில மாடி மாடியா போட்டுக்கிட்டே வந்தா எப்படி இருக்கும்? ஆனா அது வேற ஒருத்தரோட ஷிஃப்ட். மாத்திக்கலாமான்னு ரெண்டு தடவை கேட்டேன். அவரும் விட மாட்டேங்கிறார். அவருக்கும் போடுறதுதான் பிடிக்குமாம்."

என் கோப்பில் இருக்கும் அப்பாவுக்கு இது தெரியாது.

6

கோப்பைத் திறந்து, பழைய கதையைப் படித்தேன். ஆசிரியர் சொன்னது சரி. முடிவை மாற்றிப் பார்த்தேன்.

முடிவு அ: மகள் திரும்பி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று இருவருமே திண்டாடிப்போவோம்.)

முடிவு ஆ: அப்பா இறந்துவிடுகிறார். (எழுதும்போது மேசைக்கு அடியில் தும்மினார். உடனே அழித்துவிட்டேன்.)

முடிவு இ: கலங்கரை விளக்கம், நாய். (வேண்டாம்.)

அட்டை அப்பாவை எப்படித் திருப்பி நிறுத்தினாலும் அட்டைதான். மூச்சு விடுகிறவர் காலண்டர் தாள்களில் இருக்கிறார். அனுப்ப வேண்டியது இதைத்தான். ஆனால் இதில் கோளாறு அவர்தான் என்று எழுதியிருக்கிறது. அவர் படிக்காமல் ஊர் படிக்கக் கூடாது.

இந்த வரிவரைக்கும் உள்ள தாள்களை அடுக்கி, மேசைக்கு அடியில் நீட்டப் போகிறேன்.

7

இதிலிருந்து நேராகக் கணினியில் அடிக்கிறேன்.

கீழே தாள்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை சிரித்தார். எந்த வரிக்கு என்று தெரியவில்லை. அம்மா வாசலில் வந்து நின்று, அங்கே என்ன பண்றீங்க என்று கேட்டார்.

"கதையில இருக்கேன்," என்றார் அப்பா.

சாப்பாட்டுக்காவது வருவீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அம்மா போய்விட்டார்.

"அப்ப முதல் தடவையே நான் சரிபண்ணிட்டேனா?"

"ஆமாப்பா."

"இதை உங்க சித்தப்பாகிட்ட சொல்லணும்."

இன்னொரு தாள் புரண்டது. அவர் குரல் இறங்கியது.

"நீ உள்ள இருக்கும்போதேவா அணைச்சிருக்கேன்?"

"நிறைய தடவைப்பா."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல. ஆபீஸ்ல ஒவ்வொரு மாடியிலயும் யாராவது இருக்கீங்களான்னு கேட்டுட்டுத்தான் அணைப்பேன். வீட்டுல கேக்கணும்னு தோணவே இல்ல, பாரு."

எனக்கும் சத்தம் கொடுக்கத் தோன்றியதில்லை. இருட்டில் உட்கார்ந்து கதை எழுதத்தான் தோன்றியது. அதைச் சொல்லாமல், வெளியே வந்து உட்காருங்கள் என்று நாற்காலியை நகர்த்தப் போனேன்.

"வேண்டாம்மா. வெளிய வந்தா கால் தானா கதவுப் பக்கம் போகும். நீ அடிச்சு முடி. நான் இங்கேயே இருக்கேன்."

அடிக்கத் தொடங்கினேன். தாள்களை ஒவ்வொன்றாக அவரே கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசித் தாளை மட்டும் கொடுக்கவில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்கும்மா. அஞ்சாவதுல நான் மேசைக்கு அடியில போறேன். அதுக்கப்புறம் எங்கயுமே வெளிய வரல."

"முடிவு இன்னும் எழுதலப்பா."

"அப்ப சீக்கிரம் எழுது. முட்டி வலிக்குது."

8

எழுதிப் பார்த்துவிட்டேன்.

அப்பா மேசைக்கு அடியிலிருந்து புன்னகையோடு
[யாராவது அப்படி வருவார்களா?]

அப்பா எழுந்து, நீண்ட நேரம் ஜன்னலைப்
[இது நான் படித்த நாவல்களில் வருகிற அப்பா.]

அப்பா வெளியே வந்து கதவை நோக்கி
[இதை நான் எழுத மாட்டேன். அவர் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் ஒருமுறை எழுதித்தான் அட்டையானது.]

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. ஆசிரியர் துணிக்கறைக் குறிப்பைக் கையில் எடுத்திருப்பார். ஆகவே முடிவில்லாமலேயே அனுப்புகிறேன். அனுப்பியானதும் எங்கள் வீட்டு நாற்காலியை நான் நகர்த்திவிடுவேன், கவலை வேண்டாம். ஆனால் இந்தத் தாளில் அவர் இன்னும் முட்டியை மடக்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி இருக்கிறார். அவரை வெளியே அழைக்க வேண்டியவர் நீங்கள்.

முதலில் ஒரு சத்தம் கொடுங்கள். பதில் வந்ததும் கையை நீட்டுங்கள். மெதுவாக, மேசை விளிம்பு தலையில் இடிக்கும்.