கெடு வைக்காத வேண்டுதல்

மனிதனை உயர்த்துவது பணமும் அல்ல, குலமும் அல்ல, மன உறுதி ஒன்றே என்பது உலகம் ஒப்புக்கொண்ட பேருண்மை. திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா சாலையில் இருக்கும் வேதாச்சலா பொறியியல் கல்லூரியின் வாசலில் இதைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கருங்கல்லில் செதுக்கி, எழுத்துக்குப் பொன்வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். கல்லுக்குக் கீழே, அந்த மன உறுதிக்குச் சாட்சியாக, நிறுவனர் வேதாச்சலம் ஈரச் சிமெண்டில் வெறுங்காலை அழுத்தி எடுத்த இரண்டு காலடிகள் இருக்கின்றன. அந்தக் காலடிகள் ஒரு பெண்ணுடையவை. இரண்டு கால்களிலும் மெட்டி வளையம் பதிந்திருக்கிறது. இடது காலில் சுண்டுவிரல் கிடையாது.

அந்தப் பெண் அவனுடைய அக்கா மனோரமா. நகரியில் நாகபூஷணத்தின் பவர்லூம் கொட்டகையில் நாலு தறி ஓட்டுகிறவள். 1991ல், ரூபாயின் மதிப்பு விழுந்து நூல் விலை ஏறிய அந்த வருடத்தில், வேதாச்சலம் மூன்றாவது முயற்சியில் இண்டர் என்கிற பன்னிரண்டாம் வகுப்பு பாஸானான். பாஸானால் புரட்டாசியில் நகரியிலிருந்து திருமலைக்கு நடந்தே வருவதாக வேண்டுதல். ஆனால் நடக்க வேண்டிய வாரத்திலேயே திருப்பதி டுடோரியல் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். காலில் கொப்புளத்தோடு போய் நின்றால் யார் வேலை கொடுப்பார்கள்? ஆகவே பையனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவனுடைய மஞ்சள் துணியை மகளுக்குக் கட்டி நடக்க வைத்தார் நைனா வீராசாமி. அவர் பக்கத்தில் சைக்கிளில் வந்தார். கல்யாணக் கோலத்தில் இருக்கிற சாமி கேட்டதைக் கொடுத்துவிடும் என்று புத்தூரில் வழி விலகி நாராயணவனத்துக்குப் போய், சன்னதியில் நின்று சொன்னார்: "சாமி, வேண்டுதல் பையனுது, காலு பொண்ணுது. இவ காலயே அவன் காலா வச்சிக்கோ." சைக்கிளை யார் இரவல் கேட்டாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்தாகணும் என்று கெடு சொல்லியே கொடுக்கிற மனுஷர் அவர். மகளுடைய காலைக் கொடுக்கும்போது எத்தனை நாளைக்கு என்று சொல்ல மறந்துவிட்டார். சாமியும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து வேதாச்சலம் நடந்தால் மனோரமாவின் கால் தேய்ந்தது. டுடோரியலுக்குப் பிள்ளை பிடிக்க அவன் ஊர் ஊராக நடந்தான். விஜயபுரத்துப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளுக்குள் புகுந்து, ஏர் ஓட்டுகிறவரை நிறுத்தி, மகனை என்ஜினியர் ஆக்குங்கள் என்று பேசினான். பலமனேர் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று பேசினான். ஒரு நாளைக்குப் பத்துக் கல், பன்னிரண்டு கல். மற்ற ஏஜெண்டுகள் மத்தியானமே மர நிழலில் சாய்ந்துவிட, இவனுக்கு மட்டும் கால் வலி என்றால் என்னவென்றே தெரியவில்லை. அதற்கு மன உறுதி என்று பெயர் வைத்தார்கள். 1996ல் சொந்தக் கோச்சிங் சென்டர், 2001ல் கல்லூரி. வருடத்துக்கு ஒரு கட்டிடம், கட்டிடத்துக்கு ஒரு திறப்பு விழா, விழாவுக்கு ஒரு பேச்சு. பேச்சில் 1991ல் வெறுங்காலோடு நகரியிலிருந்து திருப்பதிக்கு நடந்து வந்த ஏழைப் பையன் தவறாமல் வருவான். அந்தப் பையன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததைப் பார்த்தவர்கள் நகரியில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

மனோரமா பன்னிரண்டு மணி நேரம் தறிகளுக்கு நடுவில் நின்றாள், அறுந்த இழையை முடிந்தாள், குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையில் நூல் தீர்ந்தால் மாற்றினாள். நின்ற இடத்திலேயே அவளுக்குப் பாதம் கொப்பளித்தது. கல்யாணமாகி இரண்டாம் வருடமே சூரத்துக்குத் தறி ஓட்டப் போன புருஷன் திரும்பவில்லை. அவன் ஞாபகமாகக் காலில் மெட்டி மட்டும் இருந்தது. 1994ல் தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் குண்டு விழுந்து சுண்டுவிரல் போயிற்று. சித்தூரில் ஒரு டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார். "நான் எங்க சார் நடக்கறேன்?" என்று கேட்டாள். அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

பக்கத்துத் தறி சுலோசனாதான் முதலில் கண்டுபிடித்தாள். கொட்டகைத் தரையில் பஞ்சுத் தூசி ஒரு விரற்கடை படிந்திருக்கும். எல்லோர் தடமும் விழுந்த அதில் மனோரமாவின் தடம் மட்டும் இல்லை.

"இன்னாக்கா, நீ நடந்தா தடமே உழல? பேயா நீ?"

"பேயா இருந்தா நாலு தறி ஓட்டுமாடி? ரெண்டு தறிலயே ஓடிப் பூட்டிருக்கும்."

தடம் எங்கே போயிற்று என்பது 1999ல் தெரிந்தது. திருப்பதியில் தம்பி கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு மனோரமா போயிருந்தாள். காலையில் மழை. வாசல் சேற்றில் வீட்டிலிருந்து கார் வரைக்கும் நாலு விரல் தடம் ஒன்று போயிருந்தது. கார் பக்கம் அவள் போகவேயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்துக்குள் காலை வைத்தாள். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. பட்டு வேட்டியோடு வந்த தம்பியை அங்கேயே நிறுத்தினாள்.

"டேய், இது என் காலுடா."

"தெரியும்க்கா" என்றான் வேதாச்சலம், மனைவி வழித் தெலுங்குச் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு. "தொண்ணூத்தி மூணுலயே தெரியும். பலமனேர் சந்தை சேத்துல மெட்டித் தடம் பாத்தேன்."

"தெரிஞ்சிமா இத்தினி வருசம் நடந்துக்கினு கீற?"

"நான் நடக்காட்டி நம்ம குடும்பம் எப்படிக்கா முன்னுக்கு வர்றது? வலிங்கறது மனசுலதான் கீது."

"மனசுல இல்லடா, நகரில கீது."

அவன் உள்ளே போய் ஒரு பாட்டில் தைலம் கொண்டுவந்து கொடுத்தான். நம்ம குடும்பம் என்று அவன் சொன்னது அவனும், அவன் மனைவி ரூபாவும், மூன்று கார்களும். மனோரமாவின் வீடு அப்போதும் ஒழுகியது.

சிமெண்ட் காலடிகள் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தவை. கல்லூரித் திறப்பு விழாவில் எல்லோர் முன்னாலும் காலை வைத்தான். எடுத்தபோது பதிந்திருந்தது இது. சிமெண்ட் காய்ந்தால் சுருங்கும் என்றார் மேஸ்திரி. காணாமல் போன சுண்டுவிரல், வறுமையோடு நடந்த போரில் நிறுவனர் இழந்தது என்று வரவேற்புரை நிகழ்த்தியவர் அந்த நிமிடமே கண்டுபிடித்துச் சொல்ல, பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெட்டியைப் பற்றி எவரும் பேசவில்லை. அன்று முதல் வேதாச்சலம் பத்து விரலையும் மறைக்க, சாஸ்திரிகள் வந்தாலும் சாக்ஸைக் கழற்றுவதில்லை.

2005 புரட்டாசியில் அவனுக்குப் புது யோசனை வந்தது. ஐநூறு மாணவர்களோடு நகரியிலிருந்து திருப்பதிக்கு மன உறுதிப் பாதயாத்திரை. முடிவில் அலிபிரி படிகள் மூவாயிரத்து ஐநூற்றுச் சொச்சம். நகரி முழுக்க அவன் படம் தொங்கியது. அந்த மாதம் மனோரமாவால் நிற்கவே முடியவில்லை. எஸ்டிடி பூத்துக்குப் போய் தம்பிக்குப் போன் போட்டாள்.

"வேதா, இந்த ஒரு தபா வாணாண்டா. காலு பூசணிக்கா மாதிரி வீங்கிக்கினு கீது. இன்னொரு நாள் உக்காந்தா தறிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னுட்டாரு நாகபூஷணம்."

"அக்கா, கொடி அசைக்கப் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. டீ-சர்ட்டெல்லாம் அடிச்சாச்சு. நீ மைண்ட செட் பண்ணிக்கோ, ஒண்ணியும் ஆவாது."

மறுநாள் அவனுடைய மேனேஜர் கிருஷ்ணப்பா அழைப்பிதழும் ஒரு டஜன் பேண்டேஜும் கொண்டுவந்தார். "சார் உங்களுக்கும் சீட் போடச் சொன்னாரும்மா. மூணாவது வரிசை."

"நடக்கறதே நானு. எனுக்கு எதுக்குய்யா சீட்டு?" என்றாள் மனோரமா. கிருஷ்ணப்பா சிரித்தார், அவருக்குப் புரியவில்லை.

யாத்திரை புறப்பட்ட காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. பேண்ட் வாத்தியம் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு சுலோசனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் யாத்திரையைக் கடந்தது. முன்னால் வெள்ளை ஷூவோடு தம்பி கையசைத்துக்கொண்டு போனான். சீட்டில் உட்கார்ந்திருந்த மனோரமாவுக்கு அவன் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கால் எரிந்தது. கொப்புளம் உடைந்து ரத்தம் பஸ் தரையில் வழிந்ததைப் பார்த்துக் கண்டக்டர், "அய்யோ, ஏமயிந்தம்மா?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லப்பா, என் தம்பி நடந்துக்கினு கீறான்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். புரட்டாசி மாதத்தில் அந்த ரூட்டில் ஓடுகிறவர் இதைவிட நிறையப் பார்த்திருந்தார்.

நாராயணவனத்தில் அவள் தேங்காய் உடைக்கவில்லை. சண்டைக்கு வந்தவள் தேங்காய் வாங்கிக்கொண்டு வருவதில்லை. நைனா நின்ற அதே இடத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். "நைனா கேட்டாரு, நீ குடுத்துட்ட" என்றாள், உரக்கவே. "அவரும் போய்ச் சேந்துட்டாரு. காலுக்குச் சொந்தக்காரி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தனே, ரெண்டு பேரும் ஒரு வார்த்த கேட்டீங்களா? பதினாலு வருசம். வனவாசமே முடிஞ்சிருக்கும். இப்ப நான் கெடு வெக்கறேன், கேட்டுக்க. இனிமே நான் சரின்னாத்தான் அவன் நடக்கணும். வாணான்னா வாணாம்."

அர்ச்சகர் திரும்பிப் பார்த்துவிட்டு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். மனோரமா கால் நீட்டிப் பிரகாரத்தில் உட்கார்ந்து, "நீயும் துன்னுடி" என்று சுலோசனாவுக்குப் பாதி கொடுத்தாள். எரிச்சல் நின்றிருந்தது.

அதே நேரம், புத்தூருக்கு இந்தப் பக்கம், நடுரோட்டில் வேதாச்சலம் நின்றுவிட்டான். பின்னால் ஐநூறு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் மோதி நின்றார்கள். லாரிகள் ஹாரன் அடித்தன. நாலு மாணவர்கள் தள்ளியும் அவன் நகரவில்லை. முன்னால் போன மைக் செட் ஆட்டோவில் அவனுடைய குரலே பதிவு செய்யப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது: நிற்காதே, கால் வலித்தாலும் நிற்காதே, நின்றவன் தோற்றவன். அதை நிறுத்தும் பொத்தான் டிரைவருக்குத் தெரியாததால் முக்கால் மணி நேரம் அது ஓடியது. பிறகு அதே ஆட்டோவில் அவனை மூட்டை போல் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கால்களில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பத்தாம் நாள் கிருஷ்ணப்பாவும் டிரைவரும் நாற்காலியோடு தூக்கிவந்து தறிக் கொட்டகையில் இறக்கினார்கள். தறிச் சத்தத்தில் அவன் கத்திக் கத்திக் கெஞ்ச வேண்டியிருந்தது. "இன்னா? கேக்கல!" என்று மனோரமா மூன்று தடவை சொல்ல வைத்தாள். பிறகு விதிகளைச் சொன்னாள்: வீட்டுக்குள் நடக்கலாம், அவளைக் கேட்டுக்கொண்டு. மேடை ஏறக் கூடாது. மலை ஏறக் கூடாது. அவள் வேலை நேரத்தில் எதுவும் கூடாது.

இதனால் உண்மைக்கு வெற்றி கிடைத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறுவனர் நடுரோட்டில் நின்றது ஒரு தியான நிலை என்று துண்டுப்பிரசுரம் போட்டார்கள். அந்த வருடம் அட்மிஷன் கூடியது. உட்கார்ந்தபடியே பேசுகிறான், இன்னும் நீளமாக. காலடிகளுக்கு இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நகரியில் கொட்டகைத் தூசியில் மனோரமாவின் நாலு விரல் தடம் மறுபடி விழுகிறது. நாகபூஷணம் அதைப் பார்த்துவிட்டு, தரையைக் கூட்டச் சொன்னார்.

தம்பி அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அதில் ஒரு மிஸ்டு கால் வரும். அவள் திருப்பி ஒன்று கொடுத்தால்தான் கல்லூரி நிறுவனர் கக்கூசுக்குப் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை மனோரமா எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். ஞாயிறுகளுக்காக ரூபா கட்டிலுக்கு அடியில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் வைத்திருக்கிறாள்.