ஆம்ப்ரோஸ் வண்டுக்கு ஒரு தடை

டாடி பெயரில் ஒரு வண்டு இருப்பது சாந்தோம் முழுக்கத் தெரியும். மீன்காரம்மாவுக்குத் தெரியும். தி.நகரில் எனக்குக் கல்யாணப் புடவை எடுத்துப்போட்ட சேல்ஸ்மேனுக்கும் தெரியும். "ஆம்ப்ரோஸ்னா நான்தான்" என்று போனை நீட்டிப் படம் காட்டிவிட்டுத்தான் டாடி பில் போடவே விட்டார்.

இதே மனிதர்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நான் காதலித்த லாய்டின் பெயரை எடுத்ததும் குதித்தவர். "குட்டையில பூச்சி புடிச்சிக்கினு திரியறவனுக்கு என் பொண்ணா? இன்னா ஜொவிட்டா, வெளையாடறியா?" என்று என்னிடம் எகிறினார். தண்ணீருக்குள் முங்கி வேட்டையாடும் பெரிய வண்டுகள்தான் லாய்டின் ஆராய்ச்சி. அடையாறு பக்கம் ஒரு குளத்தில் பிடித்த மூன்று வண்டுகளைப் புது இனம் என்று ஆய்விதழில் எழுதி, டாடியின் பெயரையே சூட்டினான். வெட்கங்கெட்ட ஐடியா. ஆனால் பலித்தது. டாடி சம்மதித்ததோடு கோயிலில் எல்லோருக்கும் கேக்கும் கொடுத்தார்.

அதில் ஒன்று உயிரோடு எங்கள் ஹால் மீன்தொட்டிக்கு வந்தது. படகு போன்ற உடல், ஓரத்தில் மஞ்சள் கரை, மயிர் அடர்ந்த பின்னங்கால்கள். இரண்டு காலையும் ஒன்றாக வலித்து நீந்தும். மாற்றி மாற்றி உதைத்தால் அது வேறு குடும்பத்து வண்டு. மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து பின்புறத்தைத் தூக்கும். டாடி அதையும் விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டுவார்.

முதுகில் கீறல்கள் உண்டு, முன்னங்காலில் ஒட்டுத்திண்டு கிடையாது, அதனால் புது இனம் என்பது லாய்டின் வாதம். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒட்டுத்திண்டு ஆணுக்குத்தான், தண்ணீருக்குள் பெண்ணின் முதுகைப் பிடித்துக்கொள்ள. கீறல் இந்த வகையில் பெண்ணுக்கு. இவன் பிடித்த மூன்றும் பழைய இனத்தின் பெண்கள். அவசரத்தில் என் மேதைக்கு அது உறைக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வண்டா முக்கியம்?

எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதுக்கு முந்தின நாள், தெருவில் நின்ற கறுப்புக் கார் மேல் டாடி இன்னொரு வண்டைக் கண்டுபிடித்தார். பளபளப்பைத் தண்ணீர் என்று நம்பி இறங்கியிருக்கிறது. "ஆம்ப்ரோஸுக்கு ஒரு துணை" என்று தொட்டியில் விட்டார்.

மாலையில் லாய்டு வந்தபோது, வழவழப்பான முதுகுடைய புதுசு ஆம்ப்ரோஸின் மேல் ஏறிக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"சண்டை போடறானுங்க. பிரிச்சி வுடுப்பா" என்றார் டாடி.

லாய்டு குனிந்து அதன் முன்னங்கால்களைப் பார்த்தான். முகம் வெளுத்தது. நான் அவன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"அங்கிள், அது சண்டை இல்ல. கீழ இருக்கறது பொம்பள. புது இனமும் இல்ல. நான் தப்பா எழுதிட்டேன்."

டாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "நாளைக்கு மூணாவது ஓலை! திங்கக்கிழமை சொல்லியிருந்தா செத்தா போயிடுவே?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத நாளே தெரியும்டா!" என்று கத்தினேன். எங்கள் வீட்டுக் கதவுகள் மெல்லிசு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பூசையில் ஃபாதர் எங்கள் பெயர்களை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். டாடி எழுந்து நின்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"தடை இருக்கு ஃபாதர். கல்யாணத்துக்கு இல்ல, அந்தப் பூச்சிக்கு. அது நான் இல்லையாம். கேக் சாப்ட்டவங்க எல்லாம் மன்னிக்கணும்."

யாரோ சிரித்தார்கள். டாடி உட்காரவில்லை.

"வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்த ஓலையும் தாண்டியிருக்கும். பையன் சொல்லிட்டான். எனக்கு அது போதும். ஆனா என் பொண்ணுக்கு மொத நாளே தெரியும், ஃபாதர். ஒரு வார்த்தை சொல்லல. அதனால தடை சொல்லணும்னா மாப்ளதான் சொல்லணும்."

எல்லோரும் லாய்டைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு இல்லை என்று தலையாட்டினான்.

ஆனால் அதற்கு முன் ஒரு நொடி யோசித்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, அந்த நொடிக்கு அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.