மூலையில் ஒட்டிய படம்

அண்ணன் மகளுக்குக் கல்லூரி தேடும் பொறுப்பு கைக்கு வந்ததிலிருந்து அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவளாயிற்றே! நாற்பத்திரண்டு கல்லூரிகளுக்கு அட்டவணை போட்டு, கம்ப்யூட்டர் பிரிவுக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்துவிட்டாள். ஆனால் வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குக் கப்பல் கட்டும் பொறியியல் என்றால் உயிர்.

"கப்பலாம் கப்பல்! பேசாம கம்ப்யூட்டர் எடுடீ," என்று மூன்று மாதமாக அத்தை ஒரே பாட்டைப் பாடினாள்.

கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை இணையத்தில் பூட்ட அன்று மாலை ஐந்து மணிவரைதான் கெடு. பூட்டினால் பூட்டினதுதான், பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அதற்குமுன் நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இருவரும் இரண்டு பிரிவுகளும் உள்ள இந்தக் கல்லூரிக்கு வந்திருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் நீளமான தண்ணீர்த் தொட்டி ஒன்றில் மாதிரிக் கப்பலை இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாலு அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

"நீ வேடிக்கை பாரு. நான் மேல போய் நம்ம டிபார்ட்மெண்டைப் பாத்துட்டு வரேன்," என்று 'நம்ம'வில் ஓர் அழுத்தம் கொடுத்துவிட்டு அத்தை மாடியேறினாள்.

மாடியில் ஈ காக்கை இல்லை. ஆளில்லாத ஆய்வகங்களில் மின்விசிறிகள் மட்டும் சுழன்றன. சுவர் நெடுகக் கம்ப்யூட்டர் பிரிவு இறுதியாண்டு மாணவர்களின் குழுப் படங்கள். வயதான அட்டெண்டர் ஒருவர் கடைசிப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாகப் பிள்ளைகள். மேல் மூலையில் வட்டமாக வெட்டி ஒட்டிய ஒரு முகம்.

"படம் எடுத்த அன்னிக்கு லீவு போட்டுட்டாளா?" என்று அத்தை சிரித்தாள்.

"லீவு இல்லைங்க மேடம். பாதியில போயிட்ட பொண்ணு."

"எங்க போனா?"

"அதை வந்து சொன்னவங்க யாரும் இல்லையே."

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். வலது புருவத்தில் வெட்டுத்தழும்பு. வாலு சைக்கிளில் விழுந்தபோது தையல் போடக் கூட்டிப் போனவளே அத்தைதான். கீழே வாலுவின் முழுப்பெயர், முதலெழுத்தோடு. அச்சிட்டிருந்த ஆண்டு வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

"இது... இது எப்படி?"

"எனக்கென்ன தெரியும் மேடம்? காலையில வந்தப்ப இந்த மூலை காலியாத்தான் இருந்துச்சு. இப்பத்தான், பதினோரு மணி வாக்குல வந்துச்சு," என்றார் அட்டெண்டர், துடைப்பதை நிறுத்தாமல்.

அத்தை படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். பச்சையாவது, அட்டவணையாவது! எல்லாம் நாசமாய்ப் போகட்டும், பிள்ளை பிழைத்தால் போதும்.

வாலு தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கப்பலே எடு கண்ணு! அத்தை தெரியாம சொல்லிட்டேன். ஃபோனை எடு, இப்பவே போட்டுடலாம்."

வாலு நிமிர்ந்து பார்த்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"கம்ப்யூட்டர் போட்டுப் பூட்டிட்டேன் அத்தை. நீங்க மாடிக்குப் போனதுமே. இத்தனை மாசம் எனக்காக அலைஞ்சீங்களே, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்."

"எத்தனை மணிக்குடீ?"

"பதினொண்ணு இருக்கும். ஏன் அத்தை, உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?"