ஓடும் நிலையில்

நாகேந்திரத்துக்கு எஞ்சின் என்றால் பயமில்லை. எஞ்சின்கள்தான் அவனைக் கண்டு கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். எரிபொருள், பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் கிடைத்த பிறகு ஓடாமல் நிற்பதற்கு எந்த எஞ்சினுக்கும் நியாயம் கிடையாது என்பது அவனுடைய கொள்கை. அந்தக் கொள்கையைக் கேட்காதவர்கள் வெள்ளவத்தையில் மிகச் சிலரே. அவர்களும் அண்மையில் குடிவந்தவர்கள்.

அன்று அவன் முன்னால் ஒழுங்கையில் நின்றது மோட்டார் சைக்கிள் அல்ல, மோட்டார் பூட்டிய சைக்கிள். மிதிகட்டை உண்டு, மணி உண்டு, நடுவில் உரித்த தேங்காய் அளவில் ஒரு எஞ்சினும் உண்டு. சொந்தக்காரன் கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ், கல்லூரியில் பக்கத்து வாங்கில் இருப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, திருகோணமலை சுற்றி வந்திறங்கிய அக்கா நேசமலரைக் கொழும்புப் பொலிசில் பதியவும் அங்கே இங்கே கூட்டித் திரியவும் நாகேந்திரம் அதை இரவல் வாங்கியிருந்தான். நேற்று மாலை வரை நன்றாகத்தான் ஓடியது. இன்று காலையிலிருந்து மௌன விரதம்.

கிளறன்ஸ் வெள்ளைச் சட்டையும் அண்ணனின் கழுத்துப்பட்டியுமாக வந்து நின்றான். இரண்டு மணிக்கு ஹெந்தளையில் ஒரு சவர்க்காரக் கொம்பனியில் அவனுக்கு நேர்முகம். விற்பனை உதவியாளர் வேலை. தகைமை என்று அவர்கள் கேட்டதில் முதலாவதே ‘ஓடும் நிலையில் சொந்த மோட்டார் வாகனம்’. மனேஜர் சான்றிதழைப் பார்க்க மாட்டாராம். யன்னலால் எட்டிப் பார்த்து, ஸ்ராட் பண்ணிக் காட்டச் சொல்வாராம்.

“மச்சான், பஸ்ல போய் எறங்கினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்,” என்றான் கிளறன்ஸ். “மருதானைல மெக்கானிக் பாஸுகிட்ட காட்டுவோம்டா. அவர் தட்டினா ஓடும்.”

“தட்டுறதுக்கு இதென்ன மிருதங்கமே? அரை மணித்தியாலம் தா. நீ நிழலிலை நில். சட்டை கசங்கப் போகுது.”

நாகேந்திரம் பிளக்கைக் கழற்றினான். கழுவுவதற்குக் குசினி வாசலில் நின்று கோப்பையை நீட்டினான்.

“அக்கா, கொஞ்சம் மண்ணெண்ணெய் தாங்கோ.”

“இன்னும் வேணுமோ?” என்றாள் நேசமலர். அடுப்பு மூட்டாமல் பாணும் சம்பலும் செய்துகொண்டிருந்தாள்.

ஊரில் போர்க்காலத் தட்டுப்பாட்டோடு வாழ்ந்தவளுக்குக் கை இறுக்கம் இருக்கத்தானே செய்யும் என்று அவன் பெருந்தன்மையோடு மன்னித்தான். அவள் எண்ணெய்க் கானைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை வடித்துக் கொடுத்தாள்.

பிளக்கைக் கழுவி, வயரைப் பூட்டி, எஞ்சின் தலையில் வைத்து மிதிக்கச் சொன்னான். நீலப் பொறி பறந்தது.

“பொறி இருக்கு,” என்று அறிவித்தான். பிளக்கின் ஓட்டையில் பெருவிரலை வைத்தான். காற்று விரலைத் தள்ளியது. “அமுக்கம் இருக்கு.” கபிறேட்டரைக் கழற்றி, அதன் நுண்துளையைப் பிரேக் கேபிளில் உருவிய ஒற்றைக் கம்பியால் குத்திக் கழுவினான். தாங்கிக் குழாயைப் பிடுங்கினான். உள்ளங்கையில் குளுகுளுவென்று ஓடியது. “எரிபொருளும் வருது!”

“அப்ப ஸ்ராட் ஆகணுமே.”

“ஆகத்தான் வேணும்.”

கிளறன்ஸ் ஏறி மிதித்தான். வண்டி ஒழுங்கையால் கடற்பக்கம் போனது. ரயில் பாதை வரை போய், திரும்பி வந்தது. போகும்போது சைக்கிளாகப் போனது, வரும்போதும் சைக்கிளாகவே வந்தது. அடுத்து சைலன்சரைக் கழற்றிக் கரி சுரண்டினான் நாகேந்திரம். ஒரு சிரட்டை நிறையக் கரி வந்தது. கிளறன்ஸ் இன்னொரு தடவை கடலைப் பார்த்துவிட்டு வந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“உன்ரை எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லை,” என்றான் நாகேந்திரம், வைத்தியர் கையைக் கழுவுகிற தோரணையில்.

“பிழை இல்லாததாலதான் ஓடுதில்லையோ?” கிளறன்ஸ் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். “மணி பன்னிரண்டாகுது. அந்தோனியாரே வந்து மிதிச்சாலும் இது ஓடாது. நான் மருதானைக்குத் தள்ளிட்டுப் போறன். நீ கொள்கையோட இங்கயே இரு.”

கொள்கையை விட்டுவிட்டு நண்பனைப் பிடித்துக்கொள்வதே புத்தி என்று நாகேந்திரமும் பின்னால் தள்ளினான். காலி வீதி முனையில், மண்மூட்டைகளுக்கு நடுவே சோதனைச் சாவடி. நடுவயது ஆமிக்காரன் ஒருவன் கை காட்டினான். ஒருவன் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறான், மற்றவன் முழங்கை வரை கரி பூசியிருக்கிறான், இரண்டு பேரும் தமிழ்ப் பெடியன்கள், நடுவில் ஓடாத இயந்திரம் ஒன்று. நாட்டின் பாதுகாப்புக்கு இதைவிட ஐயத்துக்குரிய காட்சி அந்த வாரம் அந்தச் சந்தியில் அமைந்திருக்காது.

அடையாள அட்டைகளைப் பார்த்தான். நாகேந்திரத்தின் அட்டையை இரண்டாம் தடவையும் பார்த்தான். பிறந்த இடம் அப்படி, யாழ்ப்பாணம். பிறகு தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னான். தாங்கிக்குள் பெற்றோல் தவிர வேறென்னவும் இருக்கலாம் என்று பார்ப்பது அக்காலச் சாவடிகளின் வழமையான அக்கறை. மூடி திறந்ததும் அவன் மூக்கு விடைத்தது.

“மேக்கெ பெற்றல் நே மல்லி. பூமிதெல்!”

கிளறன்ஸுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் தனக்கே மொழிபெயர்த்துச் சொன்னான். “பெற்றோல் இல்லையாம் தம்பி... மண்ணெண்ணெயாம்.”

நாகேந்திரம் தன் கையை மோந்தான். மண்ணெண்ணெய். சட்டையை மோந்தான். மண்ணெண்ணெய். காலையிலிருந்து அதிலேயே குளித்தவனின் மூக்கு எப்போதோ பதவி விலகியிருந்தது.

ஆமிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கிளறன்ஸின் முகத்தில் வேலை போய், வேறேதோ பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. திடீரென்று ஆமிக்காரன் சிரித்தான். ஒரு வருடம் யாழ்ப்பாணத்தில் நின்றவனாம். அங்கே எல்லா மோட்டார் சைக்கிளும் இப்படித்தான் மணக்குமாம். முதலில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். “கொழும்பிலே எதுக்கு மல்லி?” என்று சிங்களத்தில் கேட்டு, வீதிக்கு எதிர்ப்பக்கத்துப் பெற்றோல் செட்டைக் காட்டினான்.

எதற்கு என்று நாகேந்திரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ‘இன்னும் வேணுமோ?’

“அக்காதான்ரா,” என்றான். “இரவல் வாங்கின வண்டியை வெறும் தாங்கியோடை திருப்பிக் குடுக்கிறது எங்கடை வீட்டிலை வழக்கமில்லை. நேத்து நான் மறந்துபோனன். அவ அடுப்புக்கு வச்சிருந்ததை முழுக்க ஊத்தி நிரப்பியிருக்கிறா. ஊரிலை அது பவுண் மாதிரி. பெற்றோலைவிடப் பெரிய மரியாதை.”

மரியாதையைத் திட்டிக்கொண்டிருக்கக் கிளறன்ஸுக்கு நேரமில்லை. தாங்கிக் குழாயைப் பிடுங்கி, வீதியோர வடிகாலுக்குமேல் பிடித்தான்.

“என்ன செய்யிறாய்?” நாகேந்திரம் குழாயின் வாயை விரலால் அடைத்தான்.

“கொட்டிட்டுப் பெற்றோல் அடிக்கணும்டா! நேரம் போகுது!”

“மண்ணெண்ணெயைக் கொட்டுறதோ? வடிகாலுக்குள்ளையோ?”

கிளறன்ஸின் வேலை, தன்னுடைய கௌரவம், அறிவியல் எல்லாம் அந்தக் குழாயின் நுனியில் தொங்குவது நாகேந்திரத்துக்குத் தெரியும். ஆனாலும் விரல் அசைய மறுத்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த விரல். எஞ்சினை விடப் பிடிவாதமானது.

“பாவம்டா, என்ட வேலை!” என்றான் கிளறன்ஸ்.

“பாவந்தான். ஓடிப்போய் எண்ணெய்க் கானை எடுத்துவாறன், இப்பிடியே பிடி.”

“அபராதே,” என்றான் ஆமிக்காரன் நடுவில். வீணாகக் கொட்டுவது அநியாயம் என்று அவனுக்கும் பட்டுவிட்டது. அவனுக்குள்ளும் யாழ்ப்பாணம் ஒரு வருட அளவுக்கு ஊறியிருந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் போய், சாவடி லாந்தருக்கு எண்ணெய் வைக்கும் வெறும் தகரத்தைக் கொண்டுவந்து குழாயின் கீழ் வைத்தான்.

நாகேந்திரம் தகரத்தைப் பார்த்தான், ஆமிக்காரனின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தான், கிளறன்ஸின் சட்டையைப் பார்த்தான். விரலை எடுத்தான்.

அதற்குமேல் எல்லாம் கொள்கைப்படி நடந்தது. செட்டில் கொஞ்சப் பெற்றோலால் தாங்கியை அலசி, மிச்சத்துக்கு ஒயிலும் சேர்த்து நிரப்பி, பிளக்கைத் துடைத்துப் பூட்டினான் நாகேந்திரம். “இப்ப மிதி,” என்றான். சந்தேகமே இல்லாத குரல். கிளறன்ஸ் மிதித்தான். எஞ்சின் ஒருமுறை செருமி, இருமுறை தும்மி, ஒரு பஸ்ஸே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தது.

“நான் சொன்னனான் எல்லே, எஞ்சினிலை பிழை இல்லையெண்டு?” என்று நாகேந்திரம் கத்தினான். கிளறன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றால் நின்றுவிடுமோ என்று பயந்து கோட்டை வழியே ஹெந்தளைக்குப் பறந்துகொண்டிருந்தான்.

வேலை கிடைத்துவிட்டது. மனேஜர் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாராம். புகையைக் கண்டு உடனே மூடினாராம். மூடிய யன்னலுக்குள்ளும் சத்தம் கேட்டதாம்.

பொழுதுபட, கிளறன்ஸ் தொலைபேசியில் சொன்ன சங்கதியைச் சந்திக் கடையில் கேட்டுவிட்டு நாகேந்திரம் திரும்பினான். ஒழுங்கை முழுதும் மின்சாரம் இல்லை. சாவடியில் மட்டும் ஒரு லாந்தர் பளிச்சென்று எரிந்தது. அந்த ஆமிக்காரன் அவனை அடையாளம் கண்டு அன்பாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கை நீட்டி, அடையாள அட்டையை வாங்கி, அக்காவின் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பி, பிறந்த இடத்தை வழக்கம்போல இரண்டு தடவை வாசித்தான்.

வீட்டில் நேசமலர் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். “கிளறன்ஸ் தம்பிக்கு எண்ணெய் காணுமாமோ?” என்று கேட்டாள்.

“தாராளம் அக்கா,” என்றான் நாகேந்திரம். “மிஞ்சியும் போச்சாம்.”